போக்கர் பேங்க்ரோல்: சிறு தொகையிலிருந்து மேலேறும் கணக்கு

போக்கர் ஆடத் தொடங்கும் ஒருவருக்கு முதல் வாரத்திலேயே முரண்பட்ட ஆலோசனைகள் வந்து சேரும். இருபது பை-இன் (ஒருமுறை மேஜையில் அமரக் கொண்டுபோகும் தொகை) கையிருப்பு இருந்தால் போதும் என்பார் ஒருவர். நூறு இல்லாமல் உட்காரவே கூடாது என்பார் இன்னொருவர். இணையத்தில் ஐம்பது டாலரில் தொடங்கலாம் என்று ஒரு பக்கம் சொல்வார்கள்; கேசினோவில் வழக்கமாக ஆடுபவரோ ஐயாயிரம் டாலர் இல்லாமல் வராதீர்கள் என்று எச்சரிப்பார். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு ஆட்டத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். எந்த எண் யாருக்குப் பொருந்தும் என்பதை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: ஆட்டக்காரரின் வெற்றி வீதம், ஆட்டத்தின் ஏற்ற இறக்கம், ஒரு மணி நேரத்தில் ஆட முடிகிற கைகளின் எண்ணிக்கை (சீட்டைப் பகிர்ந்து ஆடி முடிக்கும் ஒரு சுற்றுதான் ஒரு கை). இணையமும் நேரடி மேஜையும் இந்த மூன்றிலும் வேறுபடுகின்றன.

முதலில் சில சொற்கள்

இங்கே பேசுவது பெரும்பாலும், பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத நோ-லிமிட் ஹோல்டெம் என்ற போக்கர் வகையின் கேஷ் கேம் பற்றி. கேஷ் கேமில் மேஜையில் இருக்கும் சில்லுகளுக்கு நேரடிப் பண மதிப்பு உண்டு. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்.

1. பேங்க்ரோல்: போக்கருக்கென்றே தனியாக ஒதுக்கிய பணம். வாடகை, கடன் தவணை, மருத்துவச் செலவு எதற்கும் இதை நம்பியிருக்கக் கூடாது. முழுவதும் தொலைந்தாலும் வீட்டில் எதுவும் மாறாது என்றால்தான் அது பேங்க்ரோல். இல்லையென்றால் அது குடும்பப் பணம்.

2. பெரிய பிளைண்ட்: ஒவ்வொரு கையிலும் இருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயங்களில் பெரியது. லாப நட்டத்தை இதன் மடங்காகவே அளக்கிறார்கள். அப்போதுதான் சென்ட் மேஜையையும் டாலர் மேஜையையும் ஒப்பிட முடியும்.

3. பை-இன்: மேஜையில் அமரும்போது கொண்டுவரும் தொகை, வழக்கமாக 100 பெரிய பிளைண்ட். பெரிய பிளைண்ட் 2 சென்ட் என்றால் ஒரு பை-இன் 2 டாலர். அதுவே 2 டாலர் என்றால் 200 டாலர்.

4. ரேக்: நடத்துபவர் ஒவ்வொரு கையிலும் குவிந்த பந்தயத் தொகையிலிருந்து எடுத்துக்கொள்ளும் பங்கு.

5. வெற்றி வீதம்: 100 கைகளுக்குச் சராசரியாக எத்தனை பெரிய பிளைண்ட் லாபம் என்பது. இணையத்தின் கீழ்மட்ட மேஜைகளில் 5 என்பது நல்ல வீதம்.

திறமை இருந்தும் பணம் ஏன் கரைகிறது

ஆறு பேர் அமரும் மேஜையில் 100 கைகளுக்கான திட்ட விலக்கம், அதாவது முடிவுகள் சராசரியிலிருந்து விலகிச் சிதறும் அளவு, ஏறத்தாழ 90 பெரிய பிளைண்ட். இதை வெற்றி வீதத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதிர்பார்க்கும் லாபம் 5. அதைச் சுற்றிய அலைச்சல் 90. ஒரு மாலை ஆட்டத்தின் முடிவில் திறமையின் சுவடே தெரியாமல் போவது இதனால்தான்.

கைகள் பெருகப் பெருக, லாபம் நேர்விகிதத்தில் வளர்கிறது. அலைச்சலோ எண்ணிக்கையின் வர்க்கமூல விகிதத்தில்தான் வளர்கிறது. ஆகவே திறமை என்றாவது ஒருநாள் வெளியே தெரியும். எப்போது என்பதுதான் கேள்வி.

1. 10,000 கைகளுக்குப் பிறகு எதிர்பார்ப்பு 500 பெரிய பிளைண்ட், திட்ட விலக்கம் 900. நன்றாக ஆடுகிற இந்த மனிதர் நட்டத்தில் இருப்பதற்கான வாய்ப்பு சுமார் 29 சதவீதம்.

2. 1 லட்சம் கைகளுக்குப் பிறகு எதிர்பார்ப்பு 5,000, திட்ட விலக்கம் சுமார் 2,850. நட்டத்தில் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 4 சதவீதமாகக் குறைகிறது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னும் கவலை தருகிறது. 100 கைகளுக்கு 5 பெரிய பிளைண்ட் இழக்கிற ஒருவர், 10,000 கைகளுக்குப் பிறகு லாபத்தில் இருக்கும் வாய்ப்பும் அதே 29 சதவீதம்தான். அவர் தன்னை வெற்றியாளர் என்று உறுதியாக நம்புவார், உயர்ந்த மேஜைக்குப் போவார். தொடக்கத்தில் தோற்றவரைவிட இவர் இழக்கப்போவது அதிகம்.

இருபதா, முப்பதா, நூறா

கையிருப்பு ஒருநாள் முற்றிலும் தீர்ந்துபோகும் வாய்ப்பைக் கணக்கிட ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது. வெற்றி வீதத்தையும், பெரிய பிளைண்டில் அளந்த கையிருப்பையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, திட்ட விலக்கத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணை எதிர்மறை அடுக்காக வைத்து, கணிதத்தின் ஈ (e, சுமார் 2.718) என்ற மாறிலியை அந்த அடுக்குக்கு உயர்த்தினால் திவாலாகும் வாய்ப்பு கிடைக்கும். திட்ட விலக்கம் 90 என்று கொண்டால் விடைகள் இப்படி வருகின்றன:

1. வெற்றி வீதம் 5, கையிருப்பு 20 பை-இன்: திவால் வாய்ப்பு சுமார் 8.5 சதவீதம். 30 பை-இன் என்றால் 2.5 சதவீதம். 50 என்றால் 0.2 சதவீதம்.

2. வெற்றி வீதம் 2, கையிருப்பு 20 பை-இன்: சுமார் 37 சதவீதம். 30 என்றால் 23 சதவீதம். 50 இருந்தும் 8.5 சதவீதம்.

3. வெற்றி வீதம் பூஜ்யம் அல்லது அதற்கும் கீழே: கையிருப்பு எவ்வளவு பெரியதானாலும், தொடர்ந்து ஆடினால் என்றாவது ஒருநாள் தீர்ந்தே போகும்.

மூன்றாவது வரிதான் இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்கான காரணம். பேங்க்ரோல் மேலாண்மை என்பதைத் தோல்வியிலிருந்து காக்கும் கவசமாகப் பலர் நினைக்கிறார்கள். தோற்கிற ஆட்டக்காரரை அது காப்பாற்றாது. தோல்வியை மெதுவாக்கும், அவ்வளவே. வெல்கிற ஆட்டக்காரரை, அவருடைய திறமை பலன் தரும் நாள்வரை மேஜையில் வைத்திருப்பதுதான் அதன் வேலை.

முப்பது பை-இன் என்ற பழைய விதி எங்கிருந்து நியாயம் பெறுகிறது என்பதை இன்னொரு வழியிலும் காணலாம். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் கெல்லி, 1956இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். சாதகமான பந்தயத்தில் கையிருப்பின் எந்தப் பங்கை வைத்தால் பணம் நீண்ட காலத்தில் மிக வேகமாக வளரும் என்பதைச் சொல்லும் கணக்கு அது. நம் எண்களை அதில் பொருத்தினால், திட்ட விலக்கத்தின் வர்க்கமான 8,100ஐ வெற்றி வீதமான 5ஆல் வகுக்க, வேண்டிய கையிருப்பு 1,620 பெரிய பிளைண்ட் என்று வருகிறது. ஏறத்தாழ 16 பை-இன். ஆனால் இந்த வேகத்தில் போகிறவரின் கையிருப்பு என்றாவது பாதியாகச் சரியும் வாய்ப்பு 50 சதவீதம். அதனால் அனுபவசாலிகள் பாதி வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: 32 பை-இன். அப்போது கையிருப்பு பாதியாகும் வாய்ப்பு எட்டில் ஒன்றாகக் குறைகிறது. வளர்ச்சி வேகத்தில் இழப்பது கால் பங்கு மட்டுமே.

ரேக்: கண்ணுக்குத் தெரியாமல் அமர்ந்திருப்பவர்

போக்கரில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதுகிறார்கள், கேசினோவோடு மோதுவதில்லை. ஆனால் ஒவ்வொரு கையிலும் மேஜையிலிருந்து கொஞ்சம் பணம் வெளியேறுகிறது. எல்லாருடைய லாப நட்டத்தையும் கூட்டினால் விடை எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழேதான் இருக்கும். எதிராளியைவிடச் சற்றுத் திறமைசாலியாக இருப்பது இங்கே போதாது. ரேக்கைத் தாண்டும் அளவுக்கு மேலானவராக இருக்க வேண்டும்.

இணையத்தில் ரேக் பொதுவாக 5 சதவீதம் அளவில், ஓர் உச்சவரம்போடு எடுக்கப்படுகிறது. கீழ்மட்ட மேஜைகளில் பெரும்பாலான கைகள் அந்த வரம்பைத் தொடுவதே இல்லை. ஆகவே முழுச் சதவீதமும் போகிறது. மேல்மட்டத்தில் வரம்பு சீக்கிரம் வந்துவிடுவதால் விகிதச் சுமை குறைகிறது. பணம் குறைவாக வைத்து ஆடுபவர்தான் தன் அளவுக்கு அதிக ரேக் கட்டுகிறார்.

நேரடி ஆட்டத்தில் 10 சதவீதம் வரை எடுப்பது பரவலான வழக்கம், அதற்கும் வரம்பு உண்டு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். ஒரு டாலர், இரண்டு டாலர் பிளைண்ட் மேஜையில் ஒரு கைக்குச் சராசரியாக 4 டாலர் போகிறது, மணிக்கு 30 கைகள் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 120 டாலர் மேஜையை விட்டு வெளியேறுகிறது. ஒன்பது பேருக்கும் பகிர்ந்தால் தலைக்கு 13 டாலருக்கு மேல். ஆறரைப் பெரிய பிளைண்டுக்கும் கூடுதல். சீட்டைப் பகிரும் ஊழியரான டீலருக்குத் தரும் டிப்ஸ் இதில் சேராது. இவ்வளவு கனமான சுமையையும் மீறிச் சிலர் அங்கே வெல்கிறார்கள் என்றால், எதிரே அமர்பவர்களின் ஆட்டம் அவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்றுதான் பொருள்.

ஒரே விதி, இரண்டு உலகங்கள்

நேரடி மேஜையில் டீலரின் சம்பளம், இடம், பாதுகாப்பு எல்லாவற்றையும் ரேக்கிலிருந்தே ஈட்ட வேண்டும். அதனால் சென்ட் கணக்கில் மேஜை நடத்த முடியாது. ஒரு டாலர், இரண்டு டாலர்தான் பெரும்பாலும் அடிமட்டம். புதிதாக வருகிற, பொழுதுபோக்குக்காக ஆடுகிற எல்லாரும் அங்கேதான் அமர்கிறார்கள். இணையத்திலோ அடிமட்டம் ஒரு சென்ட், இரண்டு சென்ட். ஆகவே இணையத்தில் இரண்டு டாலர் பெரிய பிளைண்ட் மேஜை என்பது பல படிகளைக் கடந்து வந்தவர்கள் அமரும் இடம். நேரடி மேஜையின் அதே எண், ஆட்டத் தரத்தில் இணையத்தின் மிகக் கீழான படிகளுக்குத்தான் சமம். கேசினோவில் வென்று பழகியவர் அதே தொகைக்கு இணையத்தில் அமர்ந்து சில வாரங்களில் கையிருப்பை இழப்பது இதனால்தான்.

முப்பது பை-இன் என்ற விதியை இரண்டு இடத்திலும் பொருத்தினால், இணையத்தின் அடிமட்டத்துக்கு 60 டாலர் போதும். நேரடி அடிமட்டத்துக்கு 6,000 டாலர் வேண்டும். நூறு மடங்கு வித்தியாசம். ஒன்றுமில்லாமல் தொடங்கி மேலேறுவது என்ற எண்ணமே இணையம் வந்த பிறகு சாத்தியமானது.

அடுத்தது வேகம். நேரடி மேஜையில் சீட்டைக் கலைத்து, பகிர்ந்து, சில்லுகளை எண்ணி முடிப்பதற்குள் மணிக்கு 25 முதல் 30 கைகள்தான் ஆகும். இணையத்தில் ஒரு மேஜையில் 75 கைகள் என்று கொண்டால், நான்கு மேஜைகளில் மணிக்கு 300. மேலே சொன்ன 1 லட்சம் கைகளை இணைய ஆட்டக்காரர் சுமார் 330 மணி நேரத்தில் முடிக்கிறார். நேரடி ஆட்டக்காரருக்கு 3,300 மணி நேரம் வேண்டும். வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஆடுபவருக்கு அது ஆறு ஆண்டுகளுக்கும் மேல்.

நேரடி ஆட்டத்தின் பலம் அதன் வெற்றி வீதத்தில் இருக்கிறது. நன்றாக ஆடுபவர் மணிக்கு 6 பெரிய பிளைண்ட் ஈட்டுகிறார் என்று கொள்வோம். 30 கைக்கு 6 என்றால் 100 கைக்கு 20. இந்த வீதத்தைச் சூத்திரத்தில் போட்டால் பத்தே பை-இன் கையிருப்பில் திவால் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே போகிறது. நேரடி ஆட்டக்காரர்கள் குறைவான பை-இன்களோடு துணிந்து அமர்வதற்கு இதுவே காரணம்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. 500 மணி நேரம் ஆடி முடித்தாலும் 15,000 கைகள்தான் ஆகின்றன. அந்த அளவில் மணிக்கான வீதத்தில் வரும் பிழை இருபுறமும் சுமார் 2.2 பெரிய பிளைண்ட். 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் அதன் இரு மடங்கு. பதிவேட்டில் 6 என்று காட்டும் ஒருவரின் உண்மையான வீதம் 2க்குக் கீழேயும் இருக்கலாம், 10க்கு மேலேயும் இருக்கலாம். பத்து பை-இன் போதுமென்ற முடிவு, அவருக்கு உறுதியாகத் தெரியாத ஓர் எண்ணை நம்பி எடுத்த முடிவாகிவிடுகிறது. கையிருப்பை முடிவு செய்யும்போது, தன் வீதத்தைப் பற்றித் தனக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தெரிந்தது குறைவாக இருந்தால் பை-இன் கூடுதலாக வேண்டும்.

மேலேறும் படிகளும் அவை கேட்கும் நேரமும்

அடுத்த படிக்கு 30 பை-இன் சேர்ந்ததும் ஏறுவது, அங்கே 20ஆகக் குறைந்ததும் தயங்காமல் இறங்குவது: இது எளிய, நம்பத்தக்க விதி. 60 டாலரில் தொடங்கி, வெற்றி வீதம் 5 என்று கொண்டு கணக்கிட்டால்:

1. 2 சென்ட்டிலிருந்து 5 சென்ட்டுக்கு: 60 டாலர் 150 ஆக வேண்டும். 4,500 பெரிய பிளைண்ட், 90,000 கைகள்.

2. 5 சென்ட்டிலிருந்து 10 சென்ட்டுக்கு: 150 டாலர் 300 ஆக வேண்டும். 60,000 கைகள்.

3. 10 சென்ட்டிலிருந்து 25 சென்ட்டுக்கு: 300 டாலர் 750 ஆக வேண்டும். 90,000 கைகள்.

4. 25 சென்ட்டிலிருந்து 50 சென்ட்டுக்கு, பிறகு 1 டாலருக்கு: இரண்டு ஏற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் 60,000 கைகள்.

மொத்தம் 3,60,000 கைகள். மணிக்கு 300 என்றால் 1,200 மணி நேரம். அதுவும் ஒவ்வொரு படியிலும் எதிராளிகள் பலமாவதைக் கணக்கில் கொள்ளாமல். முதல் படியில் ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைப்பது 30 சென்ட். இதை வருமானம் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். இந்தப் படிகளின் பயன் கல்வி: குறைந்த செலவில் நிறையக் கைகள் ஆடி, தன் பிழைகளை ஆராய்ந்து திருத்திக்கொள்ளும் வாய்ப்பு.

இந்தப் பயணத்தின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரர் கிறிஸ் ஃபெர்குசன். 2006இல் புல் டில்ட் போக்கர் தளத்தில், ஒரு சென்ட் கூடப் போடாமல், இலவசப் போட்டிகளில் தொடங்கி 10,000 டாலர் வரை கொண்டுபோவதாக அறிவித்தார், 2007இல் எட்டினார். அவர் வைத்த விதிகள் மூன்று: கேஷ் கேமில் கையிருப்பின் 5 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோகக் கூடாது, டோர்னமென்ட்டுக்கு (நுழைவுக் கட்டணம் கட்டி ஆடும் பரிசுப் போட்டி) 2 சதவீதம், மேஜையில் இருக்கும் தொகை கையிருப்பின் 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் எழுந்துவிட வேண்டும். ஏற்கெனவே உலகப் பட்டம் வென்றிருந்த ஒருவருக்கே ஓராண்டுக்கும் மேல் பிடித்தது. இலவசமாகத் தொடங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வேலையில் இருப்பவர் மாதச் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகையைச் சேர்ப்பது எந்த வகையிலும் குறைவானதல்ல. மிகக் கீழான படிகளில் கழியும் மாதங்களை அது மிச்சப்படுத்தும்.

நேரடி ஆட்டத்தில் படிகளுக்கிடையே இடைவெளி பெரியது. இரண்டு டாலர் மேஜையிலிருந்து ஐந்து டாலர் மேஜைக்குப் போக, 20 பை-இன் என்ற தளர்வான விதியிலேயே 4,000 டாலர் 10,000 ஆக வேண்டும். மணிக்கு 6 பெரிய பிளைண்ட் வீதத்தில் 500 மணி நேரம். இடையில் அதிலிருந்து எதையும் செலவுக்கு எடுக்கக் கூடாது. பயணச் செலவும் டிப்ஸும் கழித்த பிறகுதான் அந்த 6.

டோர்னமென்ட் ஏன் தனி

டோர்னமென்ட்டில் வழக்கமாக 10 முதல் 15 சதவீதம் பேருக்கே பரிசு. அதிலும் பெரும்பங்கு கடைசி மேஜையில் அமர்பவர்களுக்கு. நல்ல ஆட்டக்காரரும் பல மாதங்கள் வெறுங்கையோடு திரும்புவார். அதனால்தான் இங்கே நூறு பை-இன், அதாவது நூறு நுழைவுக் கட்டணம், குறைந்தபட்சம் என்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் சேரும் போட்டிகளுக்கு அதைவிடவும் கூடுதலாக வேண்டும். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் நூறு டாலருக்கும் குறைந்த இணையத் தகுதிப் போட்டியில் நுழைந்து, உலகப் போக்கர் போட்டியின் 25 லட்சம் டாலர் முதல் பரிசை வென்றார். அது நடந்தது உண்மை. அதை ஒரு திட்டமாகக் கொள்ள முடியாது.

பணம் எங்கே கிடக்கிறது

இணையக் கையிருப்புக்குச் சீட்டோடு தொடர்பில்லாத ஆபத்தும் உண்டு. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித்துறை மூன்று பெரிய போக்கர் தளங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. அதன் பிறகுதான் ஓர் உண்மை வெளியே வந்தது: ஃபெர்குசன் தன் சவாலை நடத்திய அதே புல் டில்ட், ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டிய சுமார் 39 கோடி டாலருக்கு எதிரே வங்கியில் வைத்திருந்தது ஏறத்தாழ 6 கோடி மட்டுமே. அமெரிக்கர் அல்லாதோருக்கு 2012 இறுதியில்தான் பணம் திரும்பியது. அமெரிக்கர்கள் 2014 வரை காத்திருந்தார்கள். விதி தவறாமல் கையிருப்பைக் காத்தவர்களுக்கும் இதுதான் நேர்ந்தது.

ஆகவே தளத்தில் அன்றாட ஆட்டத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்து, மீதியை வெளியே எடுத்துவிடுவது நல்லது. ஆட்டக்காரர்களின் பணம் தனிக்கணக்கில் வைக்கப்படுகிறதா என்று தளத்தின் உரிம விதிகளில் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் சட்டம். பணம் வைத்து இணையத்தில் ஆடுவது சில நாடுகளில் முற்றிலும் தடை, சிலவற்றில் உரிமம் பெற்ற தளங்களில் மட்டும் அனுமதி. தடையுள்ள இடத்தில் ஆடுபவருக்குப் பணம் போனால் முறையிடவும் இடமில்லை.

இன்னொன்று, மென்பொருள். ஆறு பேர் மேஜையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வெல்லும் ப்ளூரிபஸ் என்ற நிரலை கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் பேஸ்புக்கும் 2019இல் உருவாக்கிக் காட்டின. எதிரே அமர்ந்திருப்பது மனிதரா, மனிதருக்கு ரகசியமாக உதவும் நிரலா என்ற சந்தேகம் இணையத்தில் இனி என்றும் இருக்கும். நேரடி மேஜைக்கு இந்தக் கவலை மிகக் குறைவு.

எந்த வழி யாருக்கு

சட்டம் அனுமதிக்கும் இடத்தில், கற்பதற்கு இணையத்தின் கீழ்மட்டமும், சம்பாதிப்பதற்கு நேரடி மேஜையும் பொருத்தம் என்பது என் கணிப்பு. குறைந்த செலவில் லட்சம் கைகளின் அனுபவத்தை இணையம் தருகிறது. அந்தத் திறமைக்கு நல்ல விலை நேரடி மேஜையில் கிடைக்கிறது. சம்பளம் உள்ளவர் நேரடி ஆட்டத்தை முழுக் கையிருப்பு சேரும் வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. மூன்று பை-இன் ஒதுக்கி முயன்று பார்த்து, அது போனால் இணையத்துக்குத் திரும்பி, மீண்டும் சேர்த்துக்கொண்டு வரலாம். போக்கரை மட்டுமே நம்பி வாழ்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவருடைய கையிருப்பு இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், அதற்கு வெளியே ஆறு மாத வீட்டுச் செலவும் தனியாக இருக்க வேண்டும்.

எந்த வழியானாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தேதி, இடம், பிளைண்ட், நேரம் அல்லது கைகளின் எண்ணிக்கை, லாப நட்டம் ஆகிய ஐந்தையும் எழுதி வைக்க வேண்டும். இணையத்தின் அடிமட்டத்தில் 1 லட்சம் கைகள் ஆடிய பிறகும் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே நின்றால், புதிதாகப் பணம் போடுவதை நிறுத்திவிட்டு ஆட்டத்தைப் படிக்கத் திரும்ப வேண்டும். போன பணத்தை மீட்கவென்று மேல்மேஜையில் அமரத் தோன்றினாலோ, வீட்டில் ஒருவரிடம் தொகையை மறைக்க நேர்ந்தாலோ, லட்சம் கைகள் வரை காத்திருக்க வேண்டாம்; அன்றே கணக்கை மூடலாம். உரிமம் பெற்ற தளங்கள் பலவற்றில் சுயவிலக்கு வசதி இருக்கிறது. அதைக் கோரினால் குறிப்பிட்ட காலம் முடியும்வரை அந்தத் தளத்தில் மீண்டும் நுழைய முடியாது.